வெட்டும் இடம்

என் மேசை இழுப்பறையில் இரண்டு பழைய ப்ராசசர்கள் கிடக்கின்றன. ஒன்று இன்டெல், இன்னொன்று ஏஎம்டி. இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சதுரங்கள். மேலே வெள்ளி நிற உலோக மூடி, அதில் பொடி எழுத்தில் பெயரும் எண்ணும். மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. திருப்பிப் போட்டால்தான் குணம் தெரியும். இன்டெலின் அடிப்பக்கம் தட்டை; தங்க முலாம் பூசிய புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஏஎம்டியின் அடிப்பக்கம் ஊசிக்காடு. 1331 பின்கள். விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் பல்துலக்கும் பிரஷ்ஷைத் தடவியதுபோல இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் குத்தும். இன்னும் அழுத்தினால் வளைந்துவிடும்.

ப்ராசசரும் மதர்போர்டும் சேரும் இடத்தில் ஏதோ ஒரு பக்கம் ஊசி இருந்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். வளைந்தால் யார் தலையில் விடியும் என்று யோசித்தால் அப்படித் தெரியாது. இன்டெல் 2004இல் தன் டெஸ்க்டாப் ப்ராசசரிலிருந்து ஊசிகளை எடுத்து மதர்போர்டின் சாக்கெட்டுக்குள் வைத்தது. அன்றிலிருந்து ஊசி வளைந்தால் நஷ்டம் போர்டுக்கு. ஏஎம்டி சர்வர்களில் 2006இலேயே அந்த வழிக்கு வந்துவிட்டாலும், டெஸ்க்டாப்பில் 2022 வரை ஊசிகளைத் தன்னிடமே வைத்திருந்தது. ஒரே மாதிரியான இரண்டு பொருள்களுக்கு நடுவே கோட்டை எங்கே கிழித்தார்கள் என்று பார்த்தாலே, கிழித்தவர்களின் மனசு கொஞ்சம் தெரிகிறது.

இந்த இரண்டு கம்பெனிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எது வேகம், எது மலிவு என்பதோடு முடிந்துபோகிறது. என்னைப் பல வருடமாக விடாமல் பிடித்திருப்பது அதுவல்ல, வெட்டு. வேலையை எங்கே துண்டாக்குவது, பொறுப்பை எங்கே பிரிப்பது, எதை ஒரே உடம்பாக வைத்திருப்பது, எதைத் தனித்தனியாகச் செய்து பிறகு இணைப்பது. சிப் வரைகிறவர்களுடைய தலைவலியில் பாதி இதுதான்.

இருவரும் ஒரு வீட்டிலிருந்து பிரிந்தவர்கள். கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் கம்பெனியிலிருந்து ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் வெளியேறி 1968 ஜூலையில் இன்டெலைத் தொடங்கினார்கள். அதே ஃபேர்சைல்டிலிருந்து ஜெர்ரி சாண்டர்ஸும் இன்னும் ஏழு பேரும் வந்து 1969 மே 1 அன்று ஏஎம்டியைத் தொடங்கினார்கள். முன்னவர்கள் விஞ்ஞானிகள், சாண்டர்ஸ் விற்பனைக்காரர். இன்டெல் புதிதாகக் கண்டுபிடிக்கப் பிறந்தது. ஏஎம்டியோ மற்றவர்கள் கண்டுபிடித்த சிப்பை இன்னும் கெட்டியாக, இன்னும் நம்பகமாகச் செய்து விற்க வந்தது. ஐபிஎம் 1981இல் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெலின் 8088ஐ எடுத்துக்கொண்டபோது, ஒரே கடையை நம்பியிருக்க முடியாது, இரண்டாவதாக ஒருவரும் இதைச் செய்து தர வேண்டும் என்று நின்றது. அப்படித்தான் 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டன. 386 வந்ததும் இன்டெல் வரைபடத்தைத் தர மறுத்தது. ஏஎம்டி அதைத் தானே உட்கார்ந்து புரிந்துகொண்டு, தன் 386ஐ 1991இல் வெளியிட்டது. வழக்குகள் 1995இல்தான் சமரசத்தில் முடிந்தன. அந்தச் சண்டையின் விவரத்துக்குள் நான் போகவில்லை. கட்டளைகளின் தொகுதியான எக்ஸ்86 என்ற மொழி இருவருக்கும் பொதுச் சொத்தாயிற்று என்பது மட்டும் இங்கே போதும். ஒரே மொழியில் இரண்டு வீட்டார் பேசத் தொடங்கினார்கள். பேச்சு ஒன்று, யோசனை வேறு.

வெட்டு எப்படித் தவறும் என்பதற்கு நான் முதலில் நினைப்பது பென்டியம் 4ஐ. 2000ஆம் ஆண்டின் கடைசியில் வந்தது. கட்டிட வேலையில் மேல்மாடிக்குச் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் இருபது பேரை நிறுத்தினால் ஒவ்வொருவரும் நகர்த்த வேண்டிய தூரம் குறையும், கை இன்னும் வேகமாக அசையும். ப்ராசசருக்குள் ஒரு கட்டளை கடந்துபோகும் படிகளும் இதே மாதிரிதான். அதைப் பைப்லைன் என்கிறார்கள். பென்டியம் 3இல் சுமார் பத்துப் படிகள். பென்டியம் 4இல் 20. 2004இல் வந்த அதன் பிரெஸ்காட் வடிவத்தில் 31. படி சிறுத்ததால் கடிகாரம் வேகமாக அடித்தது, கிகாஹெர்ட்ஸ் எண் ஏறிக்கொண்டே போனது. விளம்பரத்தில் அந்த எண்தான் பெரிதாக நின்றது. இதே வடிவம் ஒருநாள் 10 கிகாஹெர்ட்ஸைத் தொடும் என்றுகூட இன்டெல் நம்பியது.

ஆனால் ப்ராசசர் பெரும்பாலும் ஊகத்தில் ஓடுகிறது. நிரலில் ஒரு கிளைப்பாதை வந்தால், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும்வரை காத்திருக்காமல் ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால், மேஸ்திரி மேலிருந்து ‘இந்தக் கல் இல்லப்பா, அந்தக் கல்’ என்று கத்தியதுபோல, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் கையில் இருப்பதையும் கீழே போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்துப் பேர் வரிசையில் அது சின்ன நஷ்டம். 31 பேர் வரிசையில் பெரிய நஷ்டம். அதோடு வேகமாக அடிக்கிற கடிகாரம் மின்சாரத்தைத் தின்றது, சூட்டைக் கக்கியது. 4 கிகாஹெர்ட்ஸில் வரும் என்று சொல்லியிருந்த பென்டியம் 4ஐ 2004 அக்டோபரில் கைவிட்டார்கள்.

ஏஎம்டி அதே காலத்தில் படிகளைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை வாங்கியது. ஆனால் கடைக்கு வருகிறவர் கேட்பது ‘எத்தனை கிகாஹெர்ட்ஸ்?’ என்று மட்டும்தானே. அதனால் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ப்ராசசருக்கு 1800+ என்று பெயர் வைத்தது. எனக்கு அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். சரியாக வெட்டியவர் தன் வெட்டின் நியாயத்தைத் தப்பாக வெட்டியவரின் அளவுகோலில் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது.

இன்டெலை அந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டது அதன் இஸ்ரேல் ஹைஃபா நகரக் குழு. லேப்டாப்பின் பேட்டரியை மனதில் வைத்து, பென்டியம் 3இன் பழைய வழியைச் செப்பனிட்டு, 2003இல் பென்டியம் எம்மைச் செய்தார்கள். 2006இல் வந்த கோர் 2 அந்தக் கிளையில் காய்த்ததுதான். பெரிய கம்பெனிக்குள்ளேயே மின்சாரத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தே ஆக வேண்டிய ஒரு குழுவிடமிருந்து அந்தத் திருத்தம் வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இதே வருடங்களில் இன்னொரு வெட்டும் நடந்தது. இந்த வரலாற்றிலேயே பெரியது அதுதான் என்பேன். 32 பிட் போதாது, 64 பிட்டுக்குப் போக வேண்டும் என்ற நிலை. இன்டெல் எச்பியோடு சேர்ந்து, பழைய எக்ஸ்86ஐ விட்டுவிட்டு, இட்டானியம் என்று முற்றிலும் புதிய ஒன்றை வரைந்தது. அதன் அடிப்படை யோசனை அழகானது. எந்தக் கட்டளையை எதற்கு முன்னால் செய்வது, எவற்றை ஒன்றாகச் செய்வது என்ற தீர்மானத்தை ப்ராசசர் ஓடுகிறபோது எடுக்க வேண்டாம்; நிரலை மொழிமாற்றும் கம்பைலரே நிதானமாக உட்கார்ந்து முன்கூட்டியே எடுக்கட்டும். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் இருந்த கோட்டை அப்படியே தூக்கி நகர்த்திவைக்கப் பார்த்தார்கள். 2001இல் வந்தது. ஆனால் எந்தத் தகவல் மெமரியிலிருந்து எப்போது வந்து சேரும் என்பது ஓடும்போதுதான் தெரியும். முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு அது தெரிய வழியில்லை. அதோடு, உலகம் வைத்திருந்த பழைய நிரல்களெல்லாம் அதில் தடுமாறி ஓடின.

ஏஎம்டி எதையும் வெட்டவில்லை. பழைய வீட்டை இடிக்காமல் மேலே ஒரு மாடி எழுப்பியது. எட்டாக இருந்த பொதுப் பதிவேடுகளைப் பதினாறாக்கியது, 32 பிட் அகலத்தை 64 ஆக்கியது, பழைய நிரல்கள் கீழ்த்தளத்தில் நிம்மதியாகக் குடியிருக்க விட்டது. 2003 ஏப்ரலில் அந்த மாடியோடு ஆப்டெரான் என்ற சர்வர் ப்ராசசர் வந்தது. மறுவருடமே இன்டெல் அதே நீட்சியைத் தன் ப்ராசசர்களில் ஏற்றுக்கொண்டது. வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள், சொல்வளம் ஏஎம்டியுடையது. உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோப்பின் பெயரிலேயே ஏஎம்டி64 என்று இருக்கும். இன்டெல் லேப்டாப் வைத்திருக்கிற மாணவர்கள் இது தங்களுக்கில்லையோ என்று ஒரு நிமிடம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கானதும் அதுதான்.

நம் மொழியில் ஒட்டுக்கு இரண்டு முகம். ஒட்டுப்போட்ட சட்டை என்றால் இல்லாமை. ஒட்டு மாங்கன்று என்றால் நர்சரியில் கூடுதல் விலை. சிப் உலகிலும் இந்தச் சொல் இரண்டு முகத்தோடும் புழங்கியிருக்கிறது. 2006இன் கடைசியில் இன்டெல் நான்கு கோர், அதாவது கட்டளைகளைத் தனித்தனியாக ஓட்டும் நான்கு பிரிவுகள், கொண்ட ப்ராசசர் ஒன்றைக் கொண்டுவந்தது. மூடிக்கு அடியில் அது இரண்டு இரட்டைக் கோர் சிப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஏற்பாடுதான். ஒட்டிவைத்ததெல்லாம் நான்கு கோரா, ஒரே சிலிக்கானில் நான்கையும் பெற்றுத் தருகிறோம் பாருங்கள் என்றது ஏஎம்டி. 2007 செப்டம்பரில் தந்தது. ஆனால் அது தாமதமாக வந்தது. மெமரி முகவரியை மொழிமாற்றும் பகுதியில் ஒரு பிழையோடும் வந்தது. ஒட்டிய நான்கு கோர் ஓடிக்கொண்டிருக்க, முழுசாய்ப் பிறந்த நான்கு கோர் திருத்தத்துக்காகக் காத்திருந்தது. பத்து வருடம் கழித்து, 2017இல் ஏஎம்டி நான்கு துண்டுகளைச் சேர்த்து 32 கோர் சர்வர் ப்ராசசரைக் கொண்டுவந்தபோது, இன்டெல் தன் விளக்கப் படத்தில் அதை டெஸ்க்டாப் துண்டுகளை ஒட்டிவைத்தது என்று எழுதியது. அன்று ஏஎம்டி வீசிய அதே வசவு அதன் வாசலுக்கே திரும்பி வந்தது.

ஏஎம்டி ஏன் ஒட்டியது? கையில் காசு இல்லை. சொந்த ஃபேப், அதாவது சிப் செய்யும் ஆலை, இருக்கிறவன்தான் ஆண்பிள்ளை என்ற ரீதியில் பேசியவர் சாண்டர்ஸ். அவர் தொடங்கிய கம்பெனி கடன் தாங்காமல் 2009இல் தன் ஃபேப்களைப் பிரித்து, குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற பெயரில் அபுதாபி முதலீட்டாளர்கள் கைக்குப் போக விட்டது. 2011இல் புல்டோசர் வந்தது. அதில் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசம எண் கணக்குப் பிரிவைப் பங்குபோட்டுக்கொண்டன. ஒரே அடுப்பை இரண்டு குடித்தனத்துக்குக் கொடுத்ததுபோல. இடமும் மின்சாரமும் மிச்சமாகும் என்று வெட்டிய வெட்டு, வேகத்தில் அடிவாங்கியது. எட்டுக் கோர் என்று விற்றது சரிதானா என்ற வழக்கு 2019இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2015இல் ஏஎம்டியின் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. முந்தைய அக்டோபரில்தான் லிசா சூ தலைமைக்கு வந்திருந்தார். உள்ளே மைக் கிளார்க்கின் குழு ஸென் என்ற புதிய கோரை வரைந்துகொண்டிருந்தது. கோர் நல்ல கோர். ஆனால் டெஸ்க்டாப்புக்கு ஒன்று, பெரிய வொர்க்ஸ்டேஷனுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று தனித்தனி சிப் வரைய வசதி இல்லை. எட்டுக் கோர் கொண்ட ஒரே ஒரு துண்டை வரைந்தார்கள். ஒன்று வைத்தால் டெஸ்க்டாப், இரண்டு வைத்தால் வொர்க்ஸ்டேஷன், நான்கு வைத்தால் சர்வர்.

அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய நீளத் துணியில் அங்கங்கே பத்து இடத்தில் நூல் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து வேட்டியாகக் கிழித்தால் பெரும்பாலான வேட்டியில் ஒரு பழுது இருக்கும். கைக்குட்டையாக வெட்டினால் பத்துக் கைக்குட்டை வீணாகும், மீதி நூற்றுக்கணக்கில் தேறும். சிப்களை வெட்டி எடுக்கும் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தகடான வேஃபரிலும் பழுதுகள் இப்படித்தான் தூவினாற்போல விழுகின்றன. சிப் பெரிதாகப் பெரிதாக ஒரு பழுதாவது அதில் விழும் வாய்ப்பு ஏறும். ஏஎம்டியின் பொறியாளர்களே இந்தக் கணக்கைப் பிறகு வெளியிட்டார்கள். அந்த 32 கோரை ஒரே துண்டாகச் செய்திருந்தால் 777 சதுர மில்லிமீட்டர் பிடித்திருக்கும். நான்காக வெட்டியதில், துண்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தேவையான வாசல்களும் சேர்ந்து மொத்தம் 852 ஆனது. இடம் கூடியது, செலவோ ஒரே துண்டுக்கு 100 என்றால் இதற்கு 59.

இலவசமாக வந்த மிச்சமில்லை அது. ஒரு துண்டில் உள்ள கோருக்குப் பக்கத்துத் துண்டின் மெமரியிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் தையலைக் கடந்துபோய் வாங்கிவர வேண்டும். தாமதம் ஆகும். இரண்டு வருடம் கழித்து, ஸென் 2இல், வெட்டும் இடத்தை மாற்றினார்கள். அந்த மாற்றத்தைத்தான் நான் உண்மையான கைத்தேர்ச்சி என்று நினைக்கிறேன்.

நண்பர் ஒருவர் மூடியைப் பெயர்த்து எடுத்த, அந்த ஸென் 2 கோர்கள் கொண்ட ஏஎம்டி ரைசன் 3000 வரிசை ப்ராசசர் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதுவும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. பச்சைத் தளத்தின் மேல் மூன்று கறுப்புச் செவ்வகங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் பெரியது ஒன்று, எதிரே சின்னது இரண்டு. பெயர்த்தபோது விட்டுப்போன இண்டியம் பற்றாசு ஓரங்களில் இன்னும் மினுங்குகிறது. சின்னவை ஒவ்வொன்றும் சுமார் 74 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொன்றிலும் எட்டுக் கோர்களும் கேச்சும். அவை தைவானின் டிஎஸ்எம்சியில் 7 நானோமீட்டர் முறையில் செய்தவை. பெரியது குளோபல்ஃபவுண்ட்ரீஸின் பழைய 12 நானோமீட்டர் முறையில் செய்தது. மெமரியோடும் மற்ற சாதனங்களோடும் பேசுகிற வேலை முழுவதும் அதனுடையது. ஏன் பழைய முறை? வெளியே கம்பியில் மின்சாரத்தை அனுப்பிப் பேச வேண்டிய சர்க்யூட்டுகள், டிரான்சிஸ்டர் சிறுத்த அளவுக்குத் தாங்கள் சிறுப்பதில்லை. விலை ஏறிய புது சிலிக்கானில் அவற்றைக் குடிவைப்பது வீண். சுருங்குவதையும் சுருங்காததையும் பிரித்தார்கள். முதல் தடவை ஒரே மாதிரியான நான்கு துண்டு, இந்தத் தடவை வேலையைப் பார்த்துப் பிரித்த துண்டு. எலும்பைப் போட்டு உடைக்காமல் மூட்டைப் பார்த்துக் கத்தி வைக்கிற கசாப்புக்காரரின் கை அது. சர்வரில் ஒரு பெரிய துண்டைச் சுற்றி இதே சின்னத் துண்டுகள் எட்டை வைத்து 64 கோர் செய்தார்கள்.

இன்டெலின் பக்கத்தை அவசரமாகப் பழித்துவிட என்னால் முடியவில்லை. ஒரே துண்டாக வரைவதில் அவர்களுக்கு இருந்தது பெரிய பெருமை, நியாயமான பெருமை. வரைகிறவரும் வார்க்கிறவரும் ஒரே கூரையின் கீழ். கோரை வரைகிறவருக்குத் தன் ஃபேபின் டிரான்சிஸ்டர் எவ்வளவு தாங்கும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரியும். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அந்த ப்ராசசர்கள் பொருந்தி நின்றன. துணி வரும்வரைதான் சட்டை. 10 நானோமீட்டர் முறை வருடக்கணக்கில் தள்ளிப்போனபோது, அதற்காக வரைந்து வைத்த கோர்களெல்லாம் காகிதத்தில் காத்திருந்தன. டெஸ்க்டாப் 2015இலிருந்து 2021 வரை 14 நானோமீட்டரிலேயே ஓடியது. கடைசியில் பொறுக்க முடியாமல், 10 நானோமீட்டருக்காக வரைந்த கோரை 14க்குப் பெயர்த்து எழுதினார்கள். கோர் பெருத்துவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் பத்துக் கோர் இருந்த இடத்தில் எட்டுதான் வைக்க முடிந்தது. ஒரு தலைமுறை முன்னால் போகும்போது கோர் எண்ணிக்கை குறைவதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதைப் பெயர்த்து எழுதிய பொறியாளர்களின் இரவுகளை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு இன்டெலும் வெட்டியது. 2023 ஜனவரியில் நான்கு துண்டுகளால் ஆன சர்வர் ப்ராசசர். அதே வருட டிசம்பரில் மீட்டியார் லேக் என்ற லேப்டாப் ப்ராசசர்: நான்கு துண்டுகள், கீழே தாங்கிப் பிடிக்க ஒரு சிலிக்கான் பலகை, துண்டுகளில் சில டிஎஸ்எம்சியில் வார்த்தவை. ஒட்டிலும் இரு வீட்டாரின் கைப்பாங்கு தெரிகிறது. ஏஎம்டி சாதாரணத் தளத்திலேயே கம்பி இழுத்து இணைத்தது. மலிவு, கொஞ்சம் முரடு. இன்டெல் தையலுக்கே சிலிக்கானைப் போட்டது. நெருக்கம், நுணுக்கம், விலை.

கோர்களைச் சிறிது பெரிது என்று பிரித்ததிலும் இதே வித்தியாசம். இன்டெல் 2021இல் வேகத்துக்கு ஒரு கோர், சிக்கனத்துக்கு ஒரு கோர் என்று இரண்டு வேறு குடும்பங்களை ஒரே சிப்பில் குடிவைத்தது. பெரியதற்குத் தெரிந்த 512 பிட் கட்டளைகள் சிறியதற்குத் தெரியாது. அதனால் பெரியதும் அவற்றைப் பேசக் கூடாது என்று அடைத்துவைக்க வேண்டிவந்தது. ஏஎம்டி ஸென் 4இன் அதே கோரை எடுத்து, உச்ச வேகத்தை விட்டுக்கொடுத்து, நெருக்கி அடுக்கி, 35 சதவீதம் குறைந்த இடத்தில் வைத்தது. இரண்டும் ஒரே மொழி பேசின. இந்த விஷயத்தில் என் மனசு ஏஎம்டி பக்கம்தான்.

அதே ஏஎம்டி தன் பெரும்பாலான லேப்டாப் ப்ராசசர்களை வெட்டவே இல்லை. தையலைக் கடக்கிற ஒவ்வொரு பிட்டுக்கும் மின்சாரம் செலவாகும். சும்மா இருக்கும்போதுகூட அந்த வாசல்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சர்வரில் அது பெரிய கணக்கில் ஒரு சின்ன வரி. மடியில் வைத்த கம்ப்யூட்டரில் அது பேட்டரியின் ஆயுள்.

இதை நான் அடித்துக்கொண்டிருக்கிற லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி. உள்ளே ஒரே துண்டு. எதிரே என் மகள் வைத்திருக்கிற லேப்டாப்பில் மீட்டியார் லேக், இன்டெல், நான்கு துண்டு. 2017இல் யாராவது இப்படி ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். போன மாதம் இரண்டிலும் லினக்ஸ் ஏற்றினேன். ஒரே பென்டிரைவ்தான். முதலில் என்னுடையது, பிறகு அவளுடையது. கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இது எனக்கு ஆகுமா?’ என்று கேட்டாள். ஆகும் என்றேன்.